சூட் உடைக்கு ஏற்ற தொப்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: டர்பன் நகரத் தையல்காரர் ஒருவரின் முழு வழிகாட்டி

ஜூன் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் என் தையல் கடைக்குச் சிலர் கையில் தொப்பிப் பெட்டியோடு வருவார்கள். “அங்கிள், தொப்பி வாங்கிட்டேன். இதுக்கு ஏத்த மாதிரி ஒரு சூட் வேணும்” என்பார்கள். ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அதற்குப் போகத்தான் இத்தனை பரபரப்பு. பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும், வேலை தலைகீழாக நடந்திருக்கிறது என்று.

எல்லோரும் முகத்தைப் பார்த்துத் தொப்பி வாங்குகிறார்கள். கடையில் மாட்டியிருக்கும் கண்ணாடியும் மார்புக்கு மேலேதான் காட்டும். ஆனால் எதிரே வருகிறவர் பத்து அடி தூரத்தில் பார்ப்பது தொப்பி முதல் ஷூ வரை ஒரே உருவத்தை. அதனால் தொப்பி உடம்புக்கும் உடைக்கும் சேர வேண்டும். முகத்துக்குச் சேருவது அதற்குப் பிறகு.

பேச வசதியாக, தலை நுழையும் பகுதியைக் கூடு என்றும் சுற்றி நீட்டிக்கொண்டிருப்பதை விளிம்பு என்றும் சொல்கிறேன். கடையில் கிரவுன், பிரிம் என்று கேளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தையல்காரர் வைத்திருக்கும் துணி இன்ச் டேப், ஆள் முழுதாகத் தெரியும் கண்ணாடி, அன்று போடப்போகும் சூட், அதே சட்டை, அதே ஷூ. மூக்குக்கண்ணாடி போடுபவர் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்காமல் உண்மையைச் சொல்லும் ஒருவர் கூட வருவது நல்லது. அக்காவோ மனைவியோ வந்தால் இன்னும் நல்லது, நண்பர்கள் சிரிக்க வைக்கத்தான் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் ஆறு வாரம் முன்பே இறங்கிவிடுங்கள். தொப்பியின் அளவு தவறினால் மாற்றி வர நாள் பிடிக்கும். சூட் கையில் வராமல் தொப்பியின் நிறத்தை முடிவு செய்யவும் முடியாது.

1. எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தொப்பி வெளியே போடும் பொருள். கூரைக்குள் வந்தால் ஆண்கள் கழற்றிவிட வேண்டும். எனவே முதல் கேள்வி, அன்று எவ்வளவு நேரம் வெளியே நிற்பீர்கள் என்பது.

ஜூலை பந்தயம் என்றால் காலை முதல் பொழுது சாயும் வரை வெளியேதான். தொப்பிக்கு நல்ல வேலை உண்டு. கல்யாணம் முழுக்க ஹாலுக்குள் என்றால் தொப்பி வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டு அலைவதுதான் மிஞ்சும். பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் மெட்ரிக் ஃபேர்வெல்லுக்கு, காரில் வந்து இறங்கி வாசலில் படம் எடுக்கும் அரைமணி நேரத்துக்குத்தான் தொப்பி. அதற்காகப் பெரிய செலவு செய்யாதீர்கள்.

நம் சாவு வீடுகளுக்குத் தொப்பி போட்டுப் போகாதீர்கள். கிறிஸ்தவ அடக்கம் என்றால் கருப்பு அல்லது கரும்சாம்பல் ஃபெல்ட் (இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) தொப்பியோடு கல்லறை வரை போகலாம். ஜெபம் தொடங்கியதும் அது கையில் இருக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். பழைய மேற்கத்திய முறைப்படி பகல் உடை வேறு, மாலை ஆறு மணிக்குப் பிறகான உடை வேறு. தொப்பியும் அப்படியே பிரியும். இதை அறியாமல் பகலுக்கான தொப்பியை இரவு உடையோடு போட்டு வருகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

2. சூட் தைத்து முடியட்டும்

கோட்டின் தோள் அகலம், லேப்பல் (மார்பின் மேல் வெளியே மடிந்திருக்கும் பகுதி) அகலம், துணியின் நிறம் இந்த மூன்றும் தெரிந்தால்தான் தொப்பியின் விளிம்பு, உயரம், நிறம் மூன்றையும் தீர்மானிக்க முடியும். கடையில் தொப்பி நூறு வகை கிடைக்கும். ஆனால் தைத்து முடித்த சூட்டின் லேப்பலை இரண்டு சென்டிமீட்டர் அகலமாக்குங்கள் என்றால் என்னால் முடியாது. மாற்ற முடியாததை முதலில் வைத்துக்கொண்டு மாற்றக்கூடியதை அதற்கு இணங்க வையுங்கள்.

வேட்டி கட்டி அங்கவஸ்திரம் போட்டவர் தலையில் ஃபெடோரா போன்ற விளிம்புத் தொப்பி வைக்கவே கூடாது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை இருக்கிறது, மற்றவர்களுக்குத் தலை காலியாக இருப்பதே அழகு. கழுத்துவரை பொத்தான் போட்ட ஷெர்வானி, பந்த்கலா கோட்டுகளுக்கும் இதே பதில்தான். விளிம்பு வைத்த தொப்பி, திறந்த லேப்பலையும் டையையும் நம்பி நிற்கிற பொருள். கழுத்து மூடிய கோட்டின் மேல் வைத்தால் பானைமேல் மூடி வைத்தது போல இருக்கும்.

3. தலையை அளக்கும் விதம்

டேப்பை நெற்றியின் நடுவில், புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வையுங்கள். காதுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி முன்னால் கொண்டு வாருங்கள். இறுக்காதீர்கள். டேப்புக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். மூன்று முறை அளந்து, வரும் எண்களில் பெரியதை எடுங்கள். தொப்பி கொஞ்சம் தளர்வாக இருந்தால் சரிசெய்யலாம், இறுக்கமாக இருந்தால் தலைவலிதான்.

சென்டிமீட்டர் எண்ணே ஐரோப்பிய அளவு. 58 சென்டிமீட்டர் என்றால் அளவு 58. அதையே அமெரிக்கத் தொப்பியில் 7¼ என்றும் இங்கிலாந்துத் தொப்பியில் 7⅛ என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டுக்கும் எப்போதும் ⅛ வித்தியாசம். இணையத்தில் வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 7¼ என்று மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு, வந்தது இங்கிலாந்து அளவாக இருந்தால் தொப்பி ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வந்து காதில் உட்காரும். கடைக்காரரிடம் சென்டிமீட்டரில் கேளுங்கள், குழப்பம் தீரும்.

முடியை மறக்காதீர்கள். சித்திரைக் காவடிக்கு மொட்டை போட்டுக்கொண்ட ஒரு தம்பிக்கு ஏப்ரலில் மொட்டைத் தலையோடு அளந்து தொப்பி வரவழைத்தோம். ஜூலைக்குள் முடி வளர்ந்துவிட்டது. வளர்ந்த முடிக்கு மேல் தொப்பி முட்டுக்கட்டை போல நின்றது. விழாவன்று எந்த முடி இருக்குமோ அந்த முடியோடு அளங்கள்.

எண் ஒன்றாக இருந்தாலும் தலையின் வடிவம் ஒன்றாக இருக்காது. சிலருக்கு வட்டத் தலை, சிலருக்கு முன்பின்னாக நீண்ட தலை. நெற்றியிலும் பின்னாலும் அழுத்தி, காதுக்கு மேலே இடைவெளி விட்டால் உங்களுடையது நீள்தலை. பெரிய அளவு கேட்காதீர்கள். நீள்வட்டக் கூடு வைத்த தொப்பியைக் கேளுங்கள்.

4. உடைக்கு ஏற்ற வடிவம்

நிதானிக்க வேண்டிய படி இதுதான். உடையின் மரியாதை எவ்வளவு உயரமோ அந்த அளவுக்குத் தொப்பியும் விறைப்பாக இருக்க வேண்டும். கெட்டியான தொப்பி அதிக ஃபார்மல், நெளியும் தொப்பி குறைந்த ஃபார்மல். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

டாப் ஹேட். உயரமான உருளைக் கூடு. பின்னால் வால் நீண்ட மார்னிங் கோட்டோடு பகலில் போடுவது. கருப்பும் சாம்பலும் இரண்டுமே சரி. இங்கிலாந்தில் ராயல் ஆஸ்காட் பந்தயத்தின் ராயல் என்க்ளோஷருக்குள் போக ஆண்களுக்கு இது கட்டாயம், அதில் கலர் ரிப்பன் சுற்றவும் அனுமதி இல்லை. நம் கிரேவில் மைதானத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. மார்னிங் கோட் இல்லாமல் சாதாரண சூட்டுக்கு டாப் ஹேட் வைத்தால் மேஜிக் காட்ட வந்தவர் என்று பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். இரவில் டாப் ஹேட் என்றால் வெள்ளை போ டை, டெயில் கோட்டோடு மட்டும், கருப்பில் மட்டும்.

எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாடகைக் கடையில் மார்னிங் கோட், டாப் ஹேட் செட்டாக எடுத்து ரிசெப்ஷனுக்குப் போடுவார்கள். ரிசெப்ஷன் நடப்பதோ இரவு ஏழு மணிக்கு, ஹாலுக்குள். தொப்பி போட வேண்டிய நேரமும் இல்லை, இடமும் இல்லை. கடைசியில் அது வீடியோக்காரர் பெட்டிமேல் கிடக்கும்.

ஹோம்பர்க். என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஃபார்மல் தொப்பிதான் வாங்குவேன் என்கிறவர் இதை வாங்கட்டும். கூட்டின் மேல் முன்பின்னாக ஒரே ஒரு பள்ளம், பக்கங்களில் கிள்ளல், அதாவது விரலால் அமுக்கியது போன்ற குழி, இருக்காது. விளிம்பு சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரத்தில் ரிப்பன் வைத்துத் தைத்திருக்கும். அந்த ஓரத் தையலும் சுருளும்தான் அதற்குக் கம்பீரத்தைக் கொடுக்கின்றன. டின்னர் சூட் எனப்படும் டக்ஸீடோவோடு கருப்பு ஹோம்பர்க் போடுவது பழைய, சரியான வழக்கம். கரும்சாம்பல் சூட்டுக்கும் பொருந்தும். முன்விளிம்பைக் கீழே இழுத்துவிட முயலாதீர்கள், அது அதற்காகச் செய்ததல்ல.

பௌலர். முட்டை ஓடு போல உருண்ட கெட்டித் தொப்பி. கருப்புக் கோட்டும் கோடுபோட்ட கால்சட்டையும் போடுகிறவருக்கு ஏற்றது. துளியும் நெகிழாததால் உங்கள் தலை வடிவத்துக்குச் சூடு காட்டி வளைத்துக் கொடுக்கத் தெரிந்தவரிடம்தான் வாங்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

ஃபெடோரா. சாதாரண சூட்டுக்கு, அதாவது நம்மில் பத்தில் ஒன்பது பேருக்கு, இதுதான். மேலே பள்ளம், முன்னால் இரு பக்கமும் கிள்ளல், மடக்கக்கூடிய விளிம்பு. கருநீலம், சாம்பல், பழுப்பு என்று எந்த சூட்டோடும் இணங்கும். டக்ஸீடோவோடு மட்டும் வேண்டாம். மெட்ரிக் ஃபேர்வெல்லில் பையன்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் கருப்புக் கம்பளி ஃபெடோராவை நெற்றிவரை இழுத்து. டர்பன் பேச்சில் சொன்னால் ‘லானி’யாக, அதாவது பணக்கார மிடுக்கோடு, இருக்க ஆசைப்பட்டு, கடைசியில் கிளப் வாசல் காவலாளி போல ஆகிவிடுகிறார்கள்.

ட்ரில்பி. ஃபெடோராவின் தம்பி. ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைந்த விளிம்பு, பின்னால் மேலே மடிந்திருக்கும். பந்தய மைதானத்துக்கு ட்வீட் எனப்படும் சொரசொரப்பான கம்பளித் துணிக் கோட்டோடு நன்றாக இருக்கும். ஃபார்மல் சூட்டுக்குக் கொஞ்சம் இளப்பம்தான். தோள் அகன்றவர் போட்டால் தலை சுருங்கித் தெரியும்.

போட்டர். தட்டையான மேல்பாகம், தட்டையான விளிம்பு, விறைத்த வைக்கோல். இங்கே சில ஆண்கள் பள்ளிகளில் சீருடையாக இருப்பதால் ‘பேஷர்’ என்றால்தான் பலருக்குப் புரியும். கோடையில் பிளேசரோடு முறையான தொப்பிதான். ஆனாலும் நாற்பது வயதுக்காரர் போட்டால் பள்ளி பஸ்ஸைத் தவறவிட்டவர் என்ற கிண்டல் வரும். தாங்க முடிந்தால் போடுங்கள்.

பனாமா. பெயர் பனாமா, நெய்வது ஈக்வடாரில், டொக்கில்லா என்ற, பனை போலத் தெரியும் செடியின் ஓலையில். வெளிர் நிற லினன், காட்டன் சூட்டுகளுக்கு இதைவிட நல்ல தொப்பி கிடையாது. கருப்பு சூட்டுக்கு ஒட்டாது.

ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “எம்ஜிஆர் போடுவாரே, அந்த வெள்ளைத் தொப்பி சூட்டுக்குச் சரியா தம்பி?” என்று கேட்டார். “அது எம்ஜிஆருக்கு மட்டும்தான் சரி ஐயா” என்றேன். ஒப்புக்கொண்டு ஒரு சாம்பல் ஹோம்பர்க் எடுத்துப் போனார்.

5. ஃபெல்ட்டா, வைக்கோலா

வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள், “மே முதல் செப்டம்பர் வரை வைக்கோல் தொப்பி” என்பார்கள். அது அமெரிக்கக் கணக்கு. நமக்குப் பருவம் நேர் எதிர். ஜூலை நமக்குக் குளிர்காலம், ஃபெல்ட்டுக்கான மாதம். ஜனவரியில் கேப் டவுனில் கெனில்வொர்த் மைதானத்தில் நடக்கும் மெட் பந்தயத்துக்குப் போகிறவர் பனாமா எடுக்கட்டும். டர்பன் குளிர் குளிரே இல்லை, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்பது உண்மைதான். அதனால் ஜூலையில் வெளிர் சூட் போடுகிறவர் பனாமா வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கருநீலமோ கரும்சாம்பலோ போட்டால் ஃபெல்ட்தான். தடித்த துணியின் மேல் ஓலை எடையில்லாமல் மிதப்பது போல இருக்கும்.

ஃபெல்ட்டில் இரண்டு வகை. கம்பளி ஃபெல்ட் விலை குறைவு, தடிப்பு, நனைந்தால் சுருங்கும், விளிம்பு தொய்ந்துபோகும். முயல் முடி ஃபெல்ட் மெல்லியது, மிருதுவானது, வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், விலை பல மடங்கு. விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். அட்டை போல முரண்டு பிடித்தால் அது பெரும்பாலும் கம்பளி.

முயல் முடி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை சொல்லாமல் விட்டு மாட்டிக்கொண்டேன். மரக்கறி மட்டும் சாப்பிடும் ஒரு மாமா, ஃபெல்ட் எதில் செய்தது என்று பேரன் சொல்லக் கேட்டுப் பந்தயத்துக்கு முந்தின நாள் தொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்படி மனம் உள்ளவர்கள் கம்பளி ஃபெல்ட்டோ ஓலையோ எடுத்து, தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி வரும் உள்பட்டை தோலா துணியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனாமா என்று விற்பதில் பாதி காகித நூல். கூட்டின் உச்சியில் நடுப்புள்ளியிலிருந்து பின்னல் விரிந்து போனால் அது கையால் நெய்தது. ஒரே சீரான பட்டையைச் சுருள் சுருளாகத் தையல் போட்டிருந்தால் மெஷின் வேலை. காகிதத் தொப்பி ஒரு பந்தய நாளுக்குப் போதும், தண்ணீர் மட்டும் பட விடாதீர்கள்.

6. விளிம்பும் உயரமும் உடம்போடு

இங்கேதான் முழு உயரக் கண்ணாடி வேலைக்கு வரும். லேப்பல் குறுகியதா, விளிம்பும் குறுகியது. லேப்பல் ஒன்பது சென்டிமீட்டர் அகலம் என்றால் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் விளிம்பு தாங்கும். ஆறு சென்டிமீட்டர் லேப்பல் வைத்த மெல்லிய சூட்டுக்கு ஐந்து போதும். இரண்டும் ஒத்துப்போனால் தொப்பியையும் கோட்டையும் ஒரே கை வெட்டியது போல இருக்கும்.

உயரம் குறைந்தவர்கள் உயரமான கூடு தேடுவார்கள், இரண்டு அங்குலம் ஏறலாம் என்று. பலன் நேர்மாறு. தொப்பி மட்டும் உயர்ந்து ஆள் இன்னும் குட்டையாகத் தெரிவார். குட்டையானவருக்கு அடக்கமான கூடு, அளவான விளிம்பு. உயரமும் ஒல்லியுமானவர் கொஞ்சம் அகல விளிம்பு எடுக்கலாம், அது நெடுநெடு என்ற தோற்றத்தை உடைக்கும். தோள் சரிந்தவர் அகல விளிம்பு போட்டால் காளான் போல ஆகிவிடுவார்.

முகத்துக்கு ஒரே ஒரு சோதனை. கூட்டின் மேல்பகுதி கன்ன எலும்புகளைவிடக் குறுகிப் போகக்கூடாது. குறுகினால் முகம் ஊதித் தெரியும். வட்ட முகக்காரர்கள் முன்கிள்ளல் கூராக இல்லாத தொப்பியாகப் பார்த்து எடுங்கள்.

7. நிறமும் ரிப்பனும்

முதல் தொப்பி என்றால் நடுச்சாம்பல் அல்லது கரும்சாம்பல். கருநீல சூட், சாம்பல் சூட், கருப்பு ஷூ எல்லாவற்றோடும் போகும். பழுப்பு ஷூ போடுகிறவர் அடர்பழுப்புத் தொப்பி எடுக்கலாம். தொப்பியை சூட்டின் அதே நிறத்தில் தேடி அலையாதீர்கள். கொஞ்சம் தவறினாலும் ‘ஒத்துப்போகவில்லை’ என்று கண்ணில் குத்தும். ஒரு படி கூடவோ குறையவோ இருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று தெரியும்.

வெளிநாட்டுப் பக்கங்களில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், நம் நிறக்காரர்களுக்காக. தொப்பி நம் தோலின் நிறத்துக்கு மிக அருகில் இருந்தால் நெற்றி எங்கே முடிகிறது, தொப்பி எங்கே தொடங்குகிறது என்று படத்தில் தெரியாது. மாநிறத்தவர் டான், வெளிர்பழுப்பு ஃபெல்ட்டை எடுத்தால் இது நடக்கும். ஒன்று நன்றாக அடர்ந்து போங்கள், இல்லை சாம்பலுக்குப் போங்கள். தந்த நிற பனாமாவோ நம் முகத்துக்கென்றே நெய்தது போல இருக்கும்.

ரிப்பன் தொப்பியின் நிறத்திலேயே இருப்பது அதிக ஃபார்மல். வெளிர்த் தொப்பிக்குக் கருப்பு ரிப்பன் அடுத்தது. சிவப்பும் பச்சையும் கோடும் வந்தால் விளையாட்டு. பெரிய இறகு வேண்டாம். ஆண்கள் தொப்பியில் ரிப்பனின் முடிச்சு இடப்பக்கம் வரும். அதைப் பார்த்தே முன்பக்கம் எது என்று கண்டுபிடிக்கலாம். தொப்பியைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

8. கடையில் போட்டுப் பார்ப்பது

கோட், சட்டை, டை, ஷூ எல்லாவற்றோடும் போங்கள். டீ-ஷர்ட்டில் நின்று ஹோம்பர்க் போட்டால் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும், நல்ல தொப்பியையும் வேண்டாம் என்று வைத்துவிடுவீர்கள்.

தொப்பியின் முன்கிள்ளலைப் பிடித்துத் தூக்காதீர்கள். விளிம்பை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் பிடித்துப் போடுங்கள். கிள்ளலில் விரல் எண்ணெய் பட்டு ஃபெல்ட் கறுக்கும், பனாமா அங்கேதான் முதலில் வெடிக்கும்.

விளிம்பின் முன்பக்கம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, பின்பக்கம் பின்மண்டைப் புடைப்பில், காதைத் தொடாமல். வலப்பக்கம் ஒரு மயிரிழை சாய்க்கலாம். பத்து நிமிடம் அப்படியே நடந்து பேசிக் குனிந்து நிமிருங்கள். கழற்றியபின் நெற்றியில் சிவந்த தடம் ஆழமாக இருந்தால் அளவு சிறியது. தலையை உலுக்கினால் நகர்ந்தால் பெரியது. கடை ஃபேனுக்கு முன்னால் நின்று பாருங்கள், கிரேவிலில் கடல் காற்று வந்தால் நிற்குமா என்று தெரியும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உள்பட்டையில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு கூட வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி முன், பக்கம், பின் என்று மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். முடிவைப் படத்தைப் பார்த்து எடுங்கள்.

9. சின்னத் திருத்தங்கள்

கொஞ்சம் தளர்வு என்றால் உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டை வையுங்கள். பின்பக்கம் மட்டும் வைத்துத் தொடங்குங்கள், போதாவிட்டால் முன்னாலும் வைக்கலாம். செய்தித்தாளை மடித்து வைக்கலாம்தான், ஆனால் வியர்வையில் மை கரைந்து நெற்றியில் இறங்கும்.

இறுக்கம் என்றால் கொதிக்கும் கெட்டில் ஆவியை உள்பட்டையில் சில வினாடி காட்டி, தலையில் போட்டபடியே ஆற விடுங்கள். அரை சென்டிமீட்டர் வரை இளகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தொப்பியை மாற்றுங்கள். பௌலரிலும் டாப் ஹேட்டிலும் இந்த வேலையே செய்யாதீர்கள்.

தாத்தாவின் பழைய தொப்பியைப் போட ஆசைப்படுகிறவர்களும் உண்டு, நல்ல ஆசை. பெரும்பாலும் அளவு சிறிதாக இருக்கும். உள்பட்டைத் தோல் காய்ந்து வெடித்திருந்தால் இழுக்காதீர்கள், முதலில் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில பழைய தொப்பிகளில் ரிப்பனைச் சுற்றி மெல்லிய கயிறும் நுனியில் குட்டிப் பொத்தானும் இருக்கும். அலங்காரம் என்று வெட்டிவிடாதீர்கள். காற்றில் தொப்பி பறக்காமல் இருக்க அந்தப் பொத்தானைக் கோட் லேப்பலின் துளையில் மாட்டுவார்கள்.

10. அந்த நாளில்

தொப்பியைக் கடைசியாகப் போடுங்கள், முடி காய்ந்த பிறகு. எண்ணெய் தேய்த்த தலையில் வெளிர்த் தொப்பி வேண்டாம், உள்பட்டை வழியாகக் கறை வெளியே வரும்.

வெளியில் யாரையாவது சந்தித்துக் கை கூப்பினால் தொப்பியோடு கூப்பலாம். பெரியவர் காலில் விழப்போகிறீர்கள் என்றால் முதலில் கழற்றி யாரிடமாவது கொடுங்கள். ஒரு தம்பி மறந்துவிட்டுக் குனிய, தொப்பி ஆயாவின் மடியில் போய் விழுந்தது. ஆயா ஆசீர்வாதத்தைத் தொப்பிக்கே கொடுத்துவிட்டார். கோவில் வாசலில் ஷூவோடு தொப்பியையும் கழற்றுங்கள். தேசிய கீதத்துக்கும் அப்படியே.

சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். பிரியாணிக் குழம்பு ஒரு துளி பட்டாலும் ஃபெல்ட்டில் போகாது. நாற்காலிக்குக் கீழே அல்லது மடியில், கூடு கீழாகக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பு கீழே இருந்தால் தட்டையாகும்.

நடுப்பகல் படத்தில் விளிம்பின் நிழல் கண்ணை மறைக்கும். படம் எடுக்கும்போது மட்டும் ஒரு விரல் பின்னால் தள்ளுங்கள், முடிந்ததும் பழைய இடத்துக்கு இழுங்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

காரில் விட்டுவிடாதீர்கள், அதுவும் பின்கண்ணாடிக்கு அடியில். வெப்பத்தில் தோலாலான உள்பட்டை சுருங்கும், அடுத்த நாள் அதே தொப்பி ஒரு அளவு சிறியதாகிவிடும். மழையில் நனைந்தால் ஹீட்டருக்கு முன்னால் வைக்காமல், உள்பட்டையை வெளியே புரட்டிவிட்டு அதன்மேல் தொப்பியை நிற்க வைத்து நிழலில் காய விடுங்கள்.

டர்பன் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் போகும் அட்டைப் பெட்டி போதும். பனாமாவை ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோகிறவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை. அங்கே குளிர்காலக் காற்று காய்ந்தது, ஓலை முறுகி உடையும். போடும் முன் குளியலறை நீராவியில் சில நிமிடம் தொங்கவிடுங்கள். சுருட்டலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தாலும் சுருட்டாதீர்கள்.

ஃபெல்ட்டை மிருதுவான பிரஷ்ஷால் இடப்பக்கம் தொடங்கி, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், முடி படிந்திருக்கும் வாக்கிலேயே தடவுங்கள். வாடகைத் தொப்பி என்றால் ஒன்றும் செய்யாமல் அப்படியே பெட்டியில் வைத்துத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.